ரிப்பேருக்குப் போகாத வாட்ச்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும். மகன் இப்போதுதான் தூங்கினான். காலையில் நீங்கள் போனைத் திறந்ததும் இவ்வளவு நீளமாக ஒன்று வந்து கிடப்பதைப் பார்த்துத் திடுக்கிடுவீர்கள். ஜெகா அண்ணனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி முரளி கேட்டிருந்தான். ஆபீசில் பழையவர்கள் எல்லோரும் கொடுத்துவிட்டீர்கள். ஷா ஆலத்துக்கு வேலை மாறிப் போனவர்கள்கூட அனுப்பிவிட்டார்கள். நான் மட்டும்தான் பாக்கி. ஒரு பக்கம் எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதை விட்டுவிட்டு வேறு எதையும் எழுத முடியவில்லை.

முரளி, நீ கிள்ளானில் கடை கடையாக ஏறி இறங்குவதை நிறுத்து. நீ தேடும் வாட்ச் எந்த ரிப்பேர் கடையிலும் இல்லை. அது ரிப்பேருக்கே போகவில்லை. என் முன்னால் மேசைமேல், பால் புட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அண்ணனின் மகள் தர்ஷினி தன் பதிவுத் திருமணத்துக்குக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டுக் கேட்கிறாளே, அதே வாட்ச்தான். அது ஏன் என்னிடம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் ஜெகா அண்ணன் நல்லவர், வல்லவர் என்று எழுதினால், அது பொய்யாகிவிடும்.

செய்தி வந்தபோது நான் செராஸில் ஒரு கிளினிக்கில் இருந்தேன். மகனுக்கு ஊசி போடும் நாள். எங்கள் எண் வருகிறதா என்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் லெட்சுமி அக்கா அழைத்தார். அக்கா எப்போதும் "கௌரி, சாப்டியா?" என்றுதான் ஆரம்பிப்பார். அன்று அதைக் கேட்கவில்லை. "ஜெகா போயிட்டான்மா" என்றார். வேலைக்குக் கிளம்பியவர், காரில் ஏறும் முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். எனக்கு உடனே அழுகை வரவில்லை. நான் முதலில் செய்தது கைப்பையைத் திறந்து உள்ளே பார்த்தது. வாட்ச் இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆன்டி, "என்னம்மா, ஏதும் தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

மலரைப் படிப்பவர்களில் அவரோடு வேலை செய்யாதவர்களும் இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்கத் தாள்கள் போடும் கம்பெனி எங்களுடையது. ஜெகா அண்ணன் எங்கள் பிரிவில் மூத்தவர். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். பெரிய உருவம், பெரிய குரல், அடுத்தவர் தட்டில் இருக்கும் வடையைக் கேட்காமலேயே எடுப்பவர். வாட்ச் என்றால் பைத்தியம். ஆனால் ஒரு நாளும், ஒரு இடத்துக்கும், நேரத்துக்கு வந்ததில்லை.

"கையில கட்டியிருக்கியே ஜெகா, அது மணி காட்டலையா?" என்று லெட்சுமி அக்கா கேட்பார்.

"மணி காட்டுறது அதோட வேலை. வர்றது என் வேலை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க லா" என்பார் அண்ணன். அந்த ‘லா’ ஒட்டாமல் அவருக்குப் பேச்சு முடியாது.

நாங்கள் நாலு பேர் பொதுவில் வைத்திருந்த வாட்ச் பெட்டி தொடங்கியது முரளியால்தான். தம்பி கல்யாணத்துக்காக ஒரு பெரிய வெளிநாட்டு வாட்ச்சைத் தவணையில் வாங்கப் போவதாகச் சொல்லி அவன் போனில் படம் காட்டினான். அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்ல வாட்ச். இதைக் கட்டிக்கிட்டு எல்.ஆர்.டி. ரயில்ல ஏறுவியா?"

"மாட்டேன்."

"மழையில நடப்பியா?"

"உங்களுக்கென்ன பைத்தியமாண்ணே?"

"லோரிக்காரனோட சண்டை போட கண்டெய்னர் யார்டுக்குப் போவியே, அப்போ?"

"கழட்டி வச்சிட்டுப் போவேன்."

"அப்போ எப்பதான்டா கட்டுவ?"

முரளி யோசித்தான். "கல்யாணத்துக்கு" என்றான்.

"ஒரு கல்யாணத்துக்கு மூணு வருஷத் தவணை. உன் தம்பி பொண்டாட்டியே அவன்கூட அவ்வளவு நாள் இருப்பாளான்னு தெரியல."

முரளி போனைப் பிடுங்கிக்கொண்டான். அன்று மதியம் சாப்பிடும்போது அண்ணன் ஒரு யோசனை சொன்னார். நம் சம்பளத்துக்கு ஆளுக்கொரு வாட்ச்தான் முடியும். ஒரே வாட்ச்சை வேலைக்கும் மழைக்கும் கல்யாணத்துக்கும் கட்டினால் எதற்கும் பொருந்தாது. ஆனால் நாலு பேர் சேர்ந்தால் நாலு வாட்ச் இருக்கும். மாதத்துக்கு ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றிக்கொண்டே இருக்கலாம். முரளி கட்டவிருந்த தவணையை நாலாகப் பிரித்து ஆளுக்கொரு பங்கு போடலாம். "விலையைப் பார்த்துப் பயந்து கட்டுற வாட்ச் நமக்கு வேண்டாம். அது கையில இருந்தாலும் கடையில இருக்கிற மாதிரிதான்" என்றார். இதை அவர் அதற்குப் பிறகு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். எனக்கு இப்போது அது வேறு மாதிரி கேட்கிறது.

அண்ணன், லெட்சுமி அக்கா, முரளி, நான். கடைசி ஆளாக என்னைச் சேர்த்ததற்குக் காரணம் என் மணிக்கட்டு. பெட்டிக்கு வாங்கும் எந்த வாட்ச்சும் எங்களில் மிகப் பெரிய கையிலும் மிகச் சிறிய கையிலும் ஒழுங்காக உட்கார வேண்டும் என்பது சட்டம். பெரிய கை அண்ணனுடையது, சிறிய கை என்னுடையது. "கௌரி, சனிக்கிழமை உன் கை வேணும் லா" என்று கூப்பிடுவார். நான் போய் நிற்பேன். அவர் வர ஒரு மணி நேரம் ஆகும். கடைக்காரர்களிடம், "இந்தப் பொண்ணு கையில நிக்கலைன்னா வேண்டாம் பாஸ்" என்பார். பெரிய டயல்கள் எல்லாம் இப்படித்தான் தப்பித்துப் போயின. சின்ன வாட்ச் பெரிய கையிலும் அழகாகத்தான் இருக்கும் என்பது அவர் கையில் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நாலுக்கும் பெயர் வைத்தோம். கருநீல டயலும் எஃகுச் செயினும் உள்ளது ‘வேலைக்காரன்’. ஆபீஸ், பேங்க், கோயில் எல்லாவற்றுக்கும் அவன்தான். ரப்பர் வார் போட்டு, தண்ணீர் புகாதது ‘மழைக்காரன்’. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கருப்பு பிளாஸ்டிக் டிஜிட்டல் ‘முரடன்’. அவனுக்கு லைட்டும் அலாரமும் உண்டு. உடைந்தால் யாரும் அழ மாட்டோம். நாலாவது ‘மாப்பிள்ளை’. சந்தன நிற டயல், மெல்லிய உடம்பு, தோல் வார். பேட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்க வேண்டும். நொடி முள் மட்டும் கீழே தனியாக ஒரு சின்ன வட்டத்துக்குள் ஓடும்.

மாப்பிள்ளையைக் கிள்ளானில் பழைய வாட்ச் விற்கும் ஒரு சீன அங்கிளிடம் வாங்கினோம். பக்கத்தில் தங்க நிறத்தில் ஒன்று பளபளவென்று இருந்தது. முரளி அதற்காகத் துடித்தான். லெட்சுமி அக்கா, "அதைக் கட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போனா, எத்தனை பவுன்னு கேட்டு நம்மள சாப்பிட விடமாட்டாங்க" என்று தடுத்துவிட்டார். கண்ணாடியில் ஒரு கீறல் இருந்ததால் மாப்பிள்ளை எங்கள் விலைக்கு வந்தது. வாரின் முதல் துளையும் என் கைக்குத் தொளதொளவென்றிருந்தது. அண்ணன் அங்கேயே ஊசியைச் சூடுபண்ணச் சொல்லி, எனக்காக இன்னொரு துளை போட்டார். "இதுதான் கௌரி துளை. வேற யாரும் இதுல கை வைக்கக் கூடாது" என்றார். அவருடைய துளை அந்த வாரின் கடைசித் துளை. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் கட்டுங்க. ஆனா தர்ஷினியோட நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் இவன் எனக்கு. ரெண்டே நாள். மத்த நாளெல்லாம் உங்களுக்கு" என்றார். அப்போது தர்ஷினி காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கை மாற்றுவோம். யாரும் யாருடைய மேசையிலும் வாட்ச்சை வைத்துவிட்டுப் போகக் கூடாது. கொடுப்பவர்தான் வாங்குபவரின் கையில் கட்டிவிட வேண்டும். கட்டாமல் யாரும் அலமாரியில் வைத்திருக்கவும் கூடாது. ஒரு சனிக்கிழமை சாப்பாட்டின் நடுவில் அண்ணன் வேலைக்காரனுக்குச் செயினைக் கழற்றிவிட்டுப் பழுப்பு வார் மாட்டிக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தார். வாரை மாற்றினால் அதே வாட்ச் விருந்துக்கும் போகும் என்பது அவருடைய பெரிய தத்துவம். பல துண்டு வார்களை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். வாரைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி துள்ளி எங்கேயோ போய் விழுந்தது. நாலு பேரும் இலையைத் தூக்கித் தேடினோம்.

பரிமாறுபவர் வந்து, "என்ன தேடுறீங்க?" என்றார்.

"ரசத்துல ஒண்ணு விழுந்திடுச்சு பாஸ்" என்றார் ஜெகா அண்ணன்.

"பல்லா?"

லெட்சுமி அக்கா சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடிக்க முடியாமல் தவித்தார். கம்பி ஜெகா அண்ணனின் ரசக் கிண்ணத்தில்தான் இருந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்துவிட்டு ரசத்தையும் குடித்தார்.

இனி என் விஷயம்.

மகன் குறை மாதத்தில் பிறந்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பல வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். அந்த மாதம் மாப்பிள்ளை என் முறை. லெட்சுமி அக்கா ஆஸ்பத்திரிக்கே வந்து, ஊசி ஒட்டியிருந்த கையை விட்டுவிட்டு, மற்றக் கையில் கட்டிவிட்டார். "நல்ல நாள்ல கட்டுறதுதானே, கட்டிக்க" என்றார். வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த தாதி, சந்தேகமாக இருந்தால் ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். சந்தேகமாக இருந்தால் என்றுதான் சொன்னார். எனக்கு எப்போதும் சந்தேகமாக இருந்தது. சந்தன டயலில் அந்தச் சின்ன முள் ஒரு சுற்று வரும்வரை அவன் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுவேன். முடிந்ததும் மறுபடியும் எண்ணுவேன். போனிலும் நொடி ஓடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். என் கணவர், "பேட்டரி வாட்ச் ஒண்ணு வாங்கித் தரேன், அதைத் திருப்பிக் கொடுத்துடு" என்று எத்தனையோ முறை சொன்னார். குழந்தையைச் சாக்கிட்டு, கை மாற்றும் சனிக்கிழமைகளுக்கும் நான் போகவில்லை.

ஒரு நாள் சாவி கொடுக்க மறந்துவிட்டேன். வாட்ச் நின்றுவிட்டது. அன்றைக்கே மகனுக்குக் காய்ச்சல் வந்தது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி அந்தக் கண்ணாடி. அவன் பிழைத்து வந்தான். ஆனால் என் மனதில் இரண்டும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டன. இது நிற்கக் கூடாது. என் கையை விட்டுப் போகவும் கூடாது. படித்தவள் பேசும் பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். நானே தினமும் கேட்டேன். கேட்டுக்கொண்டே சாவி கொடுத்தேன்.

தர்ஷினியின் நிச்சயதார்த்தத்துக்கு முன்பு ஜெகா அண்ணன் எங்கள் செராஸ் வீட்டுக்கு வந்தார். காலையில் வருகிறேன் என்றவர் மதியத்துக்கு மேல் வந்தார். ஒரு கையில் டயப்பர், இன்னொரு கையில் ஆரஞ்சு.

"பையனைத் தூக்க மாட்டேன். நான் தூக்கினா எல்லாப் பிள்ளைங்களும் அழுது ஊரைக் கூட்டும்" என்றார். பிறகு, "எங்க நம்ம மாப்பிள்ளை? வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

கழற்றப் போனேன். பக்கிளைத் தொட்டவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அண்ணே, இது நின்னா அவனுக்கு ஏதாவது ஆயிடும்."

சொல்லி முடித்ததும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முரளியின் தம்பி கல்யாணத்தையே விட்டுவைக்காத மனிதர் இவர். என்ன சொல்வாரோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தொட்டிலுக்குப் போய்த் துணியை விலக்கி, குனிந்து, கொஞ்ச நேரம் மகனைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"சரி. அப்போ மாப்பிள்ளை ரிப்பேர்ல இருக்கான்."

"என்னண்ணே?"

"உன்கிட்டேருந்து வாங்கினேன். ஓடல. கிள்ளான்ல ஒரு அங்கிள்கிட்ட கொடுத்திருக்கேன். பார்ட் வெளியூர்லேருந்து வரணும். புரியுதா?"

"அண்ணே, நிச்சயதார்த்தம்..."

"நிச்சயம் தர்ஷினிக்கு. என் கையை எவன் பார்க்கப் போறான்?"

பாதிப் பழத்தை என்னிடம் கொடுத்தார். தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடு, ரொம்ப இறுக்காதே என்றார். முரளிக்குத் தெரிந்தால் குரூப்பில் போட்டே உன்னைச் சாகடித்துவிடுவான், அதனால் யாரிடமும் சொல்லாதே என்றார். செருப்பு மாட்டும்போது, "பயம் விட்டதும் சொல்லு, வந்து வாங்கிக்கறேன். நான் கிளம்பி வந்து சேர்றதுக்குள்ள உன் பையன் ஸ்கூலுக்கே போயிடுவான்" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனார். அவர் போன பிறகுதான் அழுதேன். நிம்மதியில் அழுதேன். அதைத்தான் இப்போது என்னால் பொறுக்க முடியவில்லை. ஒருவருடைய ஆசையைப் பறித்துக்கொண்டு நான் நிம்மதியாக அழுதிருக்கிறேன்.

நிச்சயதார்த்தம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பட்டு ஜிப்பா, சந்தனம், நிறைந்த மண்டபம். அண்ணன் கையில் முரடன்.

"தலைவரே, சம்பந்தியோட ஓட்டப் பந்தயமா?" என்றான் முரளி.

"அந்த அங்கிள் பார்ட்டை உட்கார்ந்து செஞ்சுகிட்டு இருக்கானா? எந்தக் கடைன்னு சொல்லு, நான் போய் ரெண்டு கேள்வி கேட்கிறேன்" என்றார் லெட்சுமி அக்கா.

அண்ணன் பொத்தானை அழுத்திக் காட்டினார். "இதுல லைட் இருக்கு லா. உங்க மாப்பிள்ளைக்கு இருக்கா?"

தட்டு மாற்றும் நேரத்தில் முரடன் அலாரம் அடித்தான். எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார், வாட்ச் நிறுத்தவில்லை. மண்டபமே சிரித்தது. அவர் மனைவி மங்கை அக்கா அவரைப் பார்த்த பார்வை வீடியோவில் இருக்கிறது. நான் குழந்தையோடு பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளை என் கைப்பைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமே. அண்ணன் அன்று முழுவதும் என் பக்கம் பார்க்கவே இல்லை. கோபம் என்று நினைத்தேன். பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்றுதான் பார்க்கவில்லை என்று இப்போது படுகிறது.

நினைவு மலரின் அட்டைக்கு நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் படம் அன்று எடுத்தது. பட்டு ஜிப்பா, கும்பிட்ட கை, கையில் அந்தக் கருப்பு பிளாஸ்டிக். முரளி அதைக் குரூப்பில் போட்டபோது, "தலைவர் ஸ்டைல்" என்று எல்லோரும் எழுதினீர்கள். நான் குரூப்பை மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகும் நான் கொடுத்திருக்கலாம். மகன் எடை கூடினான், குப்புற விழுந்தான், சிரித்தான். மூச்சை எண்ணுவது தானாகக் குறைந்தது. சாவி கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு அண்ணன் இரண்டு முறை அழைத்தார். வாட்ச்சைத்தான் கேட்கப் போகிறார் என்று நான் எடுக்கவில்லை. பிறகு ஒரு குரல் செய்தி அனுப்பினார். "கௌரி, பையன் எப்படி? சும்மாதான் கேட்டேன். வாட்ச் பத்தி இல்ல. அவசரமே இல்ல." பின்னால் யாரோ, "கிளம்புங்க, லேட்டாச்சு" என்று கத்துவது கேட்டது. மங்கை அக்கா குரல். நான் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். எங்கள் இருவருக்கும் இடையில் கடைசியாக இருப்பது அதுதான். அந்தக் கட்டைவிரல்.

சாவு வீட்டில் மங்கை அக்கா எங்கள் மூவரையும் கூப்பிட்டதை லெட்சுமி அக்காவும் முரளியும் மறந்திருக்க மாட்டீர்கள். அழுது ஓய்ந்த குரலில் அவர் கேட்டது இதுதான்: "அந்தக் கல்யாண வாட்ச் எந்தக் கடையில இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? அவரு பேரைச் சொல்லவே இல்ல. தர்ஷினி ரிஜிஸ்டர் பண்றன்னிக்கு அதைக் கட்டிக்கணும்னு சொல்றா. அப்பா கட்டணும்னு இருந்தது, நான் கட்டுறேங்கறா." கோயில் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள், பதிவு மட்டும் குறித்த நாளில் நடக்கும் என்றார். அண்ணன் வீட்டிலும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறார். மனைவியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கைப்பை என் தோளில் இருந்தது. ஜிப்பைத் திறந்தால் போதும். முரளி, "நான் கண்டுபிடிச்சுக் கொண்டு வரேன்க்கா" என்று முந்திக்கொண்டான். நான் வாயைத் திறக்கவில்லை. பயத்தில்தான். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் இல்லை அது. இத்தனை பேர் நடுவில் நான் என்ன ஆவேன் என்ற பயம்.

வீட்டுக்கு வந்து குளித்து, மகனைத் தூங்கப் போட்டு, நானும் அப்படியே விழுந்தேன். மறுநாள் காலையில் கைப்பையைத் திறந்தபோது வாட்ச் நின்றிருந்தது. முந்தின நாள் சாவி கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தொட்டிலுக்கு ஓடினேன். மகன் விழித்துக்கொண்டு, கால் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். நெற்றியைத் தொட்டேன், வயிற்றைத் தொட்டேன். ஒன்றுமில்லை. அன்று முழுவதும் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. என்றைக்குமே ஒன்றுமில்லாமல்தான் இருந்திருக்கும். நிச்சயதார்த்தத்துக்கு முன்பு அவர் என் வீட்டில் ஆரஞ்சு உரித்தபோதே கழற்றிக் கொடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் மலரின் அட்டைப் படம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

பயம் விட்டதும் சொல்லு என்றார். விட்டுவிட்டது அண்ணே. யாரிடம் சொல்வது?

அன்றிலிருந்து மாப்பிள்ளைக்கு நான் சாவி கொடுக்கவில்லை. அது இனி என் வேலை இல்லை. பெட்டியில் இருப்பது யாருக்கும் சொந்தமில்லை, எல்லோரும் சரி என்றால் மட்டுமே ஒன்று வெளியே போகலாம் என்பது அண்ணன் போட்ட சட்டம். எனவே முறைப்படி கேட்கிறேன். மாப்பிள்ளையைத் தர்ஷினிக்கே கொடுத்துவிடலாம். ஒரு நாளுக்கு இல்லை, எப்போதைக்கும். நீங்கள் சரி என்றால் நானே கிள்ளானில் அண்ணன் வீட்டுக்குப் போய், மங்கை அக்காவிடம் நடந்ததைச் சொல்லி, தர்ஷினியின் கையில் கட்டிவிடுகிறேன். கொடுப்பவர்தானே கட்டிவிட வேண்டும். முதல் சாவியை அவள் கொடுக்கட்டும். மங்கை அக்கா திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பக்கங்களை மலரில் போடுவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு அவரே சொல்லட்டும். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று அண்ணனுக்குத் தெரிந்தால், "உனக்கு வாயே நிக்காது லா" என்பார்.

எனக்கென்று ஒன்று கேட்கிறேன். மாப்பிள்ளைக்குப் புது வார் வாங்கி மாட்டிவிடுகிறேன். பழைய வாரை நான் வைத்துக்கொள்கிறேன். அதில் என் துளை மட்டும் வாய் பிளந்து கிடக்கிறது. அவ்வளவு நாள் நானே வைத்திருந்திருக்கிறேன். கடைசித் துளைக்குப் பக்கத்தில் அவர் கை போட்ட மடிப்பு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மடிப்பையும் அந்த ஒரு வரியையும்: "சரி. அப்போ மாப்பிள்ளை ரிப்பேர்ல இருக்கான்." யாராவது என் முன்னால் நின்று, சொல்ல வெட்கப்படும் ஒரு பயத்தைச் சொன்னால், எனக்கும் அப்படி உடனே ஒரு பொய் வர வேண்டும். பிறகு ஒரு பழத்தை உரிக்கத் தெரிய வேண்டும்.

மகன் புரள்கிறான். நிறுத்துகிறேன். பதிவுத் திருமண நாள் நெருங்குகிறது. லெட்சுமி அக்கா, முரளி, இதைப் படித்ததும் சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரி எழுதுங்கள். கோபமாக இருந்தால் அதையும் எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

கௌரி